லயத்துக் கூரையும் சூரியத் தகடும்

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வெலிமடையில் பிறந்து வளர்ந்தவர். ஓய்வு பெற்ற கையோடு மோட்டார்ஹோம் எனப்படும் நடமாடும் வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தப் போவதாகவும், இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறு பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்றும் கேட்டிருந்தார். ஒரு பத்திரிகைக்காரனிடம் கேட்கக்கூடிய கேள்விதானா இது என்று முதலில் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தபோது, அவர் கேட்கும் பொருளின் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் அவர் பிறந்த ஊரைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. அவருக்கு எழுதிய பதிலை விரித்து இங்கே தருகிறேன்.

நடமாடும் வீட்டின் கூரையில் பொருத்தப்படும் சூரிய மின்தொகுதியில் நான்கு உறுப்புகள் உண்டு. கூரையில் தகடு. உள்ளே ஒரு பற்றரி. இரண்டுக்கும் நடுவே, பற்றரி அளவுக்கு மீறி மின்னேறவோ முற்றாக வற்றிப்போகவோ விடாமல் காக்கும் கட்டுப்படுத்தி. கடைசியாக விளக்குகளும் சில சிறு சாதனங்களும். 1990களில் பதுளை, மொனராகலை மாவட்டங்களில் மின்கம்பி எட்டாத வீடுகளுக்கு விற்கப்பட்ட 'சோலார்' தொகுதியும் இந்த நான்கு உறுப்புகளைக் கொண்டதுதான். இரண்டும் 12 வோல்ட். ஒன்று சில்லு வைத்த வீடு, மற்றது சில்லில்லாத வீடு என்பதைத் தவிரப் பெரிய வேறுபாடு இல்லை.

அதென்ன 12 வோல்ட்? சூரியனுக்கும் அந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மோட்டார் காரின் பற்றரி 12 வோல்ட், அவ்வளவுதான் காரணம். ஒரு சிலிக்கன் மின்கலம் வேலை செய்யும்போது ஏறத்தாழ அரை வோல்ட் தருகிறது. பற்றரியில் மின்னேற்ற வேண்டுமானால் அதைவிடக் கூடுதலான அழுத்தம் தேவை. ஆகவே 36 கலங்களைத் தொடராக இணைத்து 17, 18 வோல்ட் தரும் தகட்டைச் செய்தார்கள். பல ஆண்டுகள் உலகெங்கும் விற்கப்பட்ட தகடுகளில் 36 கட்டங்கள் இருந்ததன் இரகசியம் இதுவே. சூரியத் தகடு கார் பற்றரியின் அளவுக்குத் தைக்கப்பட்ட சட்டை என்று சொன்னால் தவறில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் தகடு ஆரம்பம் முதலே நகரும் பொருட்களுக்கு உறவுக்காரன். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் உருவாக்கிய சிலிக்கன் கலம் 1954 ஏப்ரல் 25ஆம் திகதி உலகுக்குக் காட்டப்பட்டது. விழுந்த வெயிலில் சுமார் 6 சதவீதத்தை அது மின்சாரமாக்கியது. அன்றைய விலையில் அதை வீட்டுக் கூரையில் பதிக்க யாரும் நினைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1958 மார்ச்சில், வான்கார்ட் 1 என்ற சிறு செயற்கைக்கோளில் ஏறி அது விண்வெளிக்குப் போனது. அந்தக் கோளின் சாதாரண பற்றரிகள் சில வாரங்களில் ஓய்ந்துவிட, சூரியக் கலங்களால் இயங்கிய வானொலி 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோளும் ஒருவகையில் நடமாடும் வீடுதான். குடியிருப்போர் மட்டும் இல்லை.

பூமிக்கு இறங்கி வந்தது எழுபதுகளில். எலியட் பெர்மன் என்பவர் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் பண உதவியோடு 1973இல் தொடங்கிய நிறுவனம், ஒரு வாட்டுக்கு 100 டொலர் அளவில் இருந்த விலையை 20 டொலருக்குக் கொண்டு வந்தது. முதல் வாடிக்கையாளர்கள் கடலில் மிதக்கும் அடையாளக் குமிழ்களும் எண்ணெய்க் கிணற்று மேடைகளும். வேடிக்கைதான், எண்ணெய்க்காரரின் காசில் எண்ணெய்க் கிணற்றுக்காகச் சூரியன் மலிவானது! அதே பத்தாண்டின் இறுதியில், நகர வாழ்வை வெறுத்து வட கலிபோர்னியக் காடுகளில் குடியேறிய இளைஞர்கள் தங்கள் வாகனப் பற்றரியிலிருந்து வீட்டுக்கு வெளிச்சம் எடுத்தார்கள். நடமாடும் வீடுகளுக்கென்று செய்யப்பட்ட 12 வோல்ட் விளக்குகள் கடையில் கிடைத்தன. அவற்றை வாங்கி மரவீட்டில் மாட்டினார்கள். பற்றரியை நிரப்புவதற்காகவே காரை ஓட்ட வேண்டியிருந்த தொல்லையிலிருந்து அவர்களைச் சூரியத் தகடு மீட்டது. ஜோன் ஷேஃபர் 1978இல் வில்லிட்ஸ் நகரில் திறந்த ரியல் கூட்ஸ் கடை இந்த வியாபாரத்தில் புகழ் பெற்றது. ஆக, வண்டிக்கென்று உருவான சாமான்கள்தான் மின்கம்பி எட்டாத வீட்டுக்குள் முதலில் நுழைந்தன. சில ஆண்டுகளில் அதே சாமான்கள் கப்பலேறி மூன்றாம் உலகக் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தன.

இப்போது நண்பரின் கூரைக்கு வருவோம். வெலிமடை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம் கடந்ததும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். செப்டெம்பர் தொடக்கத்தில்தான் மீண்டும் தெற்கே திரும்பும். எனவே தகட்டைத் தட்டையாகவே படுக்க வைத்தாலும் பெரிய நட்டமில்லை. பத்துப் பாகை சரிவு கொடுப்பது முக்கியமாக மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடுவதற்காக. ரொறன்ரோவின் கதை வேறு. அங்கே மார்கழியில் நண்பகல் சூரியனே 23 பாகைக்கு மேல் எழுவதில்லை. இலண்டனில் 15 பாகைதான். வண்டிக் கூரையில் படுத்திருக்கும் தகட்டின் மேல் வெயில் சாய்ந்து வழுக்கிப் போகும். குளிர்காலத்தில் மேலை நாட்டார் தகட்டைத் தூக்கி நிறுத்தும் கால்களை வாங்குவது இதனால்தான். கோடையில் மட்டும் ஊர் சுற்றப் போகிறவருக்கு அந்தச் செலவு வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.

பொருத்தும் முறையிலும் லயத்துத் தகரத்துக்கும் வண்டிக் கூரைக்கும் பொதுவான சில விதிகள் உண்டு. தகட்டைக் கூரையோடு ஒட்டிப் படுக்க வைக்கக் கூடாது. சில அங்குலங்களாவது இடைவெளி வேண்டும். சூடேற ஏற, பாகை ஒன்றுக்கு 0.4 சதவீதம் அளவில் சிலிக்கன் தன் வலுவை இழக்கும். அடியில் காற்று ஓடினால் அந்த இழப்புக் குறையும். (வெலிமடையின் குளிர்காற்று இந்த வகையில் தகட்டுக்கு நல்லது, கொழும்பின் புழுக்கத்தைவிட அங்கே அது நன்றாக உழைக்கும்.) நெளித் தகரத்தில் துளையிடும்போது நெளிவின் மேட்டில் இட வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. வண்டிக் கூரையில் துளையையே தவிர்த்து வலுவான பசையால் ஒட்டுகிறவர்கள் உண்டு. நிழல் படவே கூடாது. தொடராக இணைந்த கலங்களில் ஒன்றின் மேல் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். கம்பி தடிப்பாக இருக்க வேண்டும். 12 வோல்ட் அழுத்தத்தில் மெல்லிய கம்பி, பாதி வழியிலேயே மின்சாரத்தைத் தின்றுவிடும். கடைசியாகக் காற்று. நெடுஞ்சாலையில் விரையும் வண்டியின் கூரையிலும், கச்சான் அடிக்கும் மாதங்களில் உவாவின் மலைச்சரிவிலும், தகட்டைத் தூக்கி எறியப் பார்ப்பது அதே காற்றுத்தான்.

இப்படி வண்டிமேல் தகடு ஏற்றுவது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியப் பொறியியலாளர் நவீன் ராபெல்லி 2016இல் ஓர் ஓட்டோவின் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து, பெங்களூரிலிருந்து ஈரான், துருக்கி வழியாக இலண்டன் போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்குப் பெயர்போன நம் மண்ணுக்கு இந்தச் செய்தி இன்னும் நெருக்கமானது.

ஆனால் நான் சொல்ல வந்தது கூரையைப் பற்றி, கூரை யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி.

நுவரெலியாவிலிருந்து ஹக்கலை வழியாக இறங்கி வருகிறவர்களுக்குத் தெரியும், ஓரிடத்தில் மூடுபனி பின்தங்கிவிடும். உருளைக்கிழங்கும் போஞ்சியும் விளையும் படிக்கட்டு வயல்களோடு வெலிமடைப் பள்ளத்தாக்கு விரியும். தென்மேல் பருவ மழை மேற்குச் சரிவுகளை நனைக்கும் மாதங்களில் உவாவில் வறண்ட காற்று வீசுகிறது. அந்தக் காற்றில் வாடிய கொழுந்துக்குத்தான் யூலை முதல் செப்டெம்பர் வரை உலகச் சந்தையில் தனி மணமும் தனி விலையும். தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே வறட்சி, வெயிலையும் கொடுக்கிறது. மேகமூட்டமும் மழையும் ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவத்தோடு வரும்.

வெயிலுக்கு மட்டுமல்ல, மின்சாரத்துக்கும் இந்த மலைகளில் பஞ்சமிருந்ததில்லை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நீர்மின்சாரத்தின் பொருளாதாரம் பற்றிய தமது ஆய்வுரையை வாசித்தது 1918இல். லக்சபானவின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது 1950இல். அதற்கும் முன்பே, துரைமார் தோட்டத்து அருவிகளில் சிறு நீர்ச்சுழலிகளைப் பொருத்தித் தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகளைச் சுழற்றினார்கள், பங்களாவில் விளக்கேற்றினார்கள். மலைநாட்டில் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் இந்தச் சுழலிகள் இருந்தன. பொது மின்கம்பி மலிவாக வந்ததும் பல கைவிடப்பட்டன. எண்பதுகளில் சிலவற்றை ஐ.டி.டி.ஜி. என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு மீட்டெடுத்தார்கள்.

தொழிற்சாலையிலிருந்து லயம் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை மின்சாரம் கடக்கப் பல தலைமுறைகள் ஆயின. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் எரிந்தது குப்பி லாம்பு. வெறும் போத்தல், தகர மூடியில் ஓட்டை, துணித் திரி, மண்ணெண்ணெய். தட்டிவிட்டால் தீ. இலங்கையின் வைத்தியசாலைகளில் தீக்காயத்தோடு வந்து சேர்ந்தவர்களைப் பார்த்து மனம் நொந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரிந்தாலும் உருளாத, குட்டையான, கனத்த கண்ணாடி விளக்கு ஒன்றை வடிவமைத்தார். அதன் உருவத்துக்கு முன்மாதிரி மார்மைட் போத்தல். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டு முடியப் போகும் நேரத்திலும் ஒரு பாதுகாப்பான மண்ணெண்ணெய் விளக்குக்கு உலக விருது கொடுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து அன்றைய நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

தொலைக்காட்சி வந்தபோது கார் பற்றரியும் வந்தது. மின்சாரம் இல்லாத வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டியொன்றை வாங்கி, பற்றரியில் ஓட்டினார்கள். அது வற்றியதும் பஸ்ஸிலோ லொறியிலோ ஏற்றி நகரத்துக் கடைக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வர வேண்டும். கலிபோர்னியக் காட்டில் நடந்தது உவாவிலும் நடந்தது என்பதைக் கவனியுங்கள். முதலில் பற்றரி வந்தது. பிறகுதான் சூரியன் வந்தான். ஏற்கனவே பற்றரி வைத்திருந்த வீட்டில், அதைத் தூக்கிச் சுமக்கும் வேலையை மிச்சப்படுத்தும் பொருள் என்று சொல்லித் தகட்டை விற்பது சுலபமாயிற்று.

விற்றவர்கள் யார்? எண்பதுகளின் பிற்பகுதியில் பிரதீப் ஜயவர்தன, லலித் குணரத்ன, விரேன் பெரேரா ஆகிய மூன்று நண்பர்கள் 'பவர் அன்ட் சன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இலங்கையிலேயே தகடுகளைப் பொருத்திச் செய்தார்கள். அதே காலகட்டத்தில் குருநாகல் மாவட்டம் பன்சியாகமவில் அவுஸ்திரேலிய உதவியோடு அரசாங்கம் சூரிய மின்தொகுதிகளை வழங்கிய திட்டம், தவணைப் பணம் திரும்பி வராமையாலும் பராமரிப்பு இன்மையாலும் நொண்டியது. கொடுத்துவிட்டுப் போவதால் பயனில்லை, விற்று, தவணை வாங்கி, பழுது பார்க்கப் பக்கத்திலேயே ஆள் வைத்திருக்க வேண்டும் என்ற பாடத்தை மற்றவர்கள் அங்கே படித்தார்கள். நெவில் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் நடத்திய நிறுவனம் சர்வோதயத்தோடு கைகோத்தது. சர்வோதயத்தின் கடன் பிரிவான சீட்ஸ் கிராமத்தவர்களுக்குத் தவணைக் கடன் கொடுத்தது. 1997இல் உலக வங்கியின் நிதித்திட்டம் தொடங்கியது; 2002இல் அது முடியும்போது 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தகடு ஏறியிருந்தது. அதன் தொடர்ச்சியான திட்டம் 2011 வரை நீடித்து, மொத்தத் தொகையை ஓர் இலட்சத்துக்கும் மேலாக்கியது. பெரிய எண்ணெய் நிறுவனமான ஷெல், 1999இல் அந்த மூன்று நண்பர்களின் நிறுவனத்தை வாங்கிக் களத்தில் இறங்கியது. உவா மாகாண சபை, மின்கம்பி எட்டாத வீடுகளுக்குத் தன் பங்காக மானியமும் கொடுத்தது. மாகாண சபைகளைக் குறை சொல்வதே எங்கள் தொழிலாக இருந்த காலத்தில் இது பாராட்டத்தக்க செயல்.

50 வாட் தகடு ஒன்று உவா வெயிலில் ஒரு நாளுக்கு 150 முதல் 200 வாட்மணி வரை தரும். நான்கு சிறு குழல் விளக்குகளை முன்னிரவில் நான்கு மணி நேரமும், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை மூன்று மணி நேரமும் ஓட்ட இது போதும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடினால் தொலைக்காட்சியை நிறுத்தி விளக்கைக் காப்பாற்ற வேண்டும். எதை அணைப்பது என்று வீட்டார் கூடித் தீர்மானிக்கும் பழக்கம், நண்பரே, உங்கள் மோட்டார்ஹோமிலும் விரைவில் வந்துவிடும்.

வெலிமடையைச் சுற்றியுள்ள மலைகளில் வாங்கியவர்கள் பெரும்பாலும் சொந்தக் காணியில் சொந்த வீடு கட்டியிருந்த கிராமத்து விவசாயிகள். தோட்டத்து லயங்கள் இந்தச் சந்தைக்கு வெளியிலேயே நின்றன. வறுமை ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் அல்ல. மரக்கறித் தோட்டக்காரனின் வருமானம் மழையையும் சந்தையையும் நம்பியது. தோட்டத் தொழிலாளிக்கோ செக்ரோல் சம்பளம் மாதாமாதம் வரும்; தவணை கழித்துக்கொள்ள அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஆயினும் தகடு லயத்தில் ஏறவில்லை. ஏனெனில் அந்தக் கூரை அங்கே குடியிருப்பவனுக்குச் சொந்தமில்லை.

லயம் தோட்டத்தின் சொத்து. தோட்டங்கள் வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்து 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. கை மாறிய ஒவ்வொரு முறையும் லயங்களும் கூடவே மாறின, உள்ளே இருந்த மனிதர்களிடம் எவரும் கேட்கவில்லை. வேலை இருக்கும்வரை காம்பரா. ஒரே தகரக் கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள், முதுகோடு முதுகாக. அந்தக் கூரையில் துளையிட ஒருவன் விரும்பினால் துரையிடம் அனுமதி கேட்க வேண்டும்; ஒழுகினால் பக்கத்துக் காம்பராக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். பல ஆண்டுத் தவணைக் கடன் என்பது, கடன்காரன் அந்த ஆண்டுகள் முழுவதும் அதே முகவரியில் இருப்பான் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படுவது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதே லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு நிரந்தர முகவரி இல்லை என்பது இந்த நாட்டின் விசித்திரங்களில் ஒன்று.

சட்டமும் இந்தச் சுவரை உயர்த்தியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியதும், 2003இன் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு முடிவுக்கு வந்ததும் வாசகர்கள் அறிந்ததே. பலர் அறியாத இன்னொன்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். அதன் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட முடியாதபடி கையைக் கட்டிப் போட்டது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர், தனக்கு வாக்களித்த லயத்தின் வாசலில் ஒரு தெருவிளக்குப் போட முடியாது! 2018இல்தான் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. மாகாண சபை மானியம் கொடுத்த ஆண்டுகளில் பிரதேச சபையின் நிலை இதுதான். நான் பத்திரிகையில் இருந்த ஆண்டுகளில் இந்தப் பிரிவைப் பற்றி வந்த கட்டுரைகளைவிட, தீபாவளி முற்பணம் பற்றி வந்த அறிக்கைகள் பல மடங்கு. அதுவும் எங்கள் தொழிலின் இலட்சணம்.

இதில் ஒரு முரண் உண்டு. நாலு ஆணியைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். பற்றரியையும் கட்டுப்படுத்தியையும் ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம். கூரை சொந்தமில்லாதவனுக்கென்றே செய்யப்பட்டது போன்ற பொருள் அது. மோட்டார்ஹோம்காரர்கள் அதை விரும்புவதும் அந்தக் குணத்துக்காகவே. ஆயினும் அதை விற்ற திட்டங்கள் சொந்தக் கூரையுள்ளவனைத்தான் தேடிப் போயின. தகட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதே கடன் கொடுப்பவனுக்குப் பயத்தைத் தந்திருக்கும் என்பது என் ஊகம்.

பிறகு மின்கம்பி வந்தது. இலங்கையின் மின்மயமாக்கம் 2010களின் நடுப்பகுதியில் ஏறக்குறைய எல்லா வீடுகளையும் எட்டிவிட்டது. லயங்களிலும் விளக்கு எரிந்தது. கிராமங்களில், தவணை முடியும் முன்பே வாசலில் மின்கம்பம் நட்டதைக் கண்டவர்கள் கடனைக் கட்டத் தயங்கினார்கள். ஷெல் இந்தத் தொழிலைவிட்டு விலகியது. இந்தச் சிறு தொகுதிகளை வளர்த்தெடுத்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாய் ஒடுங்கின.

அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில் அரசாங்கம் புதிய திட்டத்தை அறிவித்தது. இம்முறை பற்றரி இல்லை. கூரையில் விளையும் மின்சாரத்தை நேரே மின்சார சபையின் கம்பியில் ஏற்றி, 20 ஆண்டு ஒப்பந்தத்தின்படி விலை பெறலாம். தகடு இப்போது இருட்டை விரட்டும் கருவியிலிருந்து மாத வருமானம் தரும் முதலீடாக மாறிவிட்டது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தத்தளித்து, மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோதும், அதன் பின் அந்த ஆண்டு ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பன்மடங்கு ஏறியபோதும், கூரை உள்ளவர்கள் விரைந்து தகடு ஏற்றினார்கள். கூரைச் சூரிய மின்சாரம் 1,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2025 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, மின்தேவை குறைந்து வெயில் மிஞ்சிவிட்டதால், 13ஆம் திகதி முதல் 21 வரை பகல் நேரத்தில் கூரைத் தகடுகளை அணைத்து வைக்கும்படி மின்சார சபை வேண்டிக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாடு, மூன்றே ஆண்டுகளில் வெயில் அதிகம் என்று முறையிட்டது.

இந்த இரண்டாம் அலையிலும் லயத்துக் கூரை வெறுமையாகவே இருக்கிறது. வேலை உள்ளவரைதான் காம்பரா என்றிருக்கும் ஒருவர், தனக்குச் சொந்தமில்லாத தகரத்தின் மீது 20 ஆண்டு ஒப்பந்தத்தில் எப்படிக் கையொப்பமிடுவார்? ஆனால் பெருந்தோட்டக் கம்பனிகள் பல, தங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளின் அகலமான கூரைகளில் தகடுகளைப் பரப்பிவிட்டன. நூறு ஆண்டுகளுக்கு முன் அருவியின் மின்சாரம் எங்கே நின்றதோ, இன்று வெயிலின் மின்சாரமும் அங்கேயே நிற்கிறது. கம்பனிகளைக் குறைகூற இதை எழுதவில்லை. தொழிற்சாலைக்கு உறுதி இருக்கிறது, லயத்துக்கு இல்லை, கணக்கு அவ்வளவுதான்.

மின்சாரத்துக்காக உவா தன் பங்கைக் கொடுக்காமலும் இல்லை. வெலிமடைக்கு அருகே புகுல்பொலவில் அணை கட்டி, உமா ஓயாவின் நீரைச் சுரங்கங்கள் வழியாகக் கொண்டுபோய் 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2014 டிசெம்பரில், தோண்டிக்கொண்டிருந்த சுரங்கத்துள் நிலத்தடி நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அதே ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. ஆபத்து என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை. தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் தங்க வைக்கப்பட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மீண்டும் மலைகள் சரிந்தன, கம்பங்கள் விழுந்தன, ஊர்கள் இருண்டன. அப்படிப்பட்ட இரவுகளில் கூரையிலிருக்கும் புதிய வகைத் தகடுகள் பெரும்பாலும் பயன்படா. பொதுக் கம்பியில் மின்சாரம் நின்றால், கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அவையும் தாமே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டவை. பற்றரியோடு கூடிய பழைய 12 வோல்ட் தொகுதி எரிந்திருக்கும். பழையதைத் தள்ளிவிட்டோம் என்று பெருமைப்பட்டவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

மலையகத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கை 2015க்குப் பின் வேகம் பெற்றது. இந்திய உதவியோடு முதலில் 4,000 வீடுகள், பின்னர் 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி அறிவித்த மேலும் 10,000 வீடுகள் என்று கணக்கு நீள்கிறது. 2025 ஒக்டோபரில் வெலிமடையிலிருந்து அதிக தூரமில்லாத பண்டாரவளையில், அந்த 10,000 வீட்டுத் திட்டத்தின் பயனாளிகள் 2,000க்கும் மேற்பட்டோருக்கு வீட்டுரிமைக்கான ஆவணங்கள் வழங்கப்பட்டன. அந்த வீடுகளுக்கு மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, 'கட்டடத்தின் உரிமையாளர்' என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுத வேண்டியிராது.